ரம்புத்தானுக்கு வைத்த கல்யாணம்

ஒரு மரத்துக்கு ஒரே சமயத்தில் எத்தனை பேர் வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கு ஏதாவது ஒரு வரம்பு இருக்க வேண்டும். லாபுவில் என் பெரியம்மா வீட்டு வாசலில் நின்ற ரம்புத்தான் மரத்துக்கு அப்படி எந்த வரம்பும் இருக்கவில்லை. வந்தவர், போனவர், தண்ணீர் கேட்டு நின்றவர் என எல்லோருக்கும் அந்த மரத்தைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. கருத்துச் சொன்னவர்கள் யாரும் அதன் அடியில் ஒரு நாள்கூடக் கூட்டியதில்லை. கூட்டியது நான்.

பெரியப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பெரியம்மா நீலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய்வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்பாங்கானில் எங்கள் வீட்டிலோ பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு. ஆகவே பள்ளி விடுமுறை தொடங்கியதும் என் துணிப்பையைக் கட்டி லாபுவுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அங்கே எனக்கென்று தனி மேசை இருந்தது, தனி விசிறி இருந்தது, என் பென்சிலை யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். அந்த வசதிகளுக்கெல்லாம் சேர்த்து எனக்கு ஒரே ஒரு வேலை: காலையில் மரத்தடியைக் கூட்டுவது.

ரம்புத்தான் எப்போதும் பச்சையாக இருக்கும் மரம் என்று பள்ளியில் படித்திருந்தேன். அதைக் கேட்டால் இலையே உதிராது என்று தோன்றும். உண்மையில், காலம் பார்த்து ஒரேயடியாக உதிர்த்துவிட்டு ஓய்கிற நாணயம் அந்த வகை மரங்களிடம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக, கூட்டி முடித்துத் துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, நான்கு இலையாவது போட்டு வைத்திருக்கும். பூக்கும் காலத்தில் இன்னும் மோசம். கிளை நுனியெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பொடிப் பூ கொத்துக் கொத்தாக வெடிக்கும். தேனீக்கள் காலையிலிருந்து இரையும். அதைப் பார்த்து நம்பிக்கை வைக்காதவர் இருக்க முடியாது. பிறகு அத்தனை பூவும் தவிடு மாதிரி உதிரும். ஒரு பிஞ்சு? கிடையாது. அதே வரிசையில் மற்ற வீட்டு மரங்கள் சிவப்புச் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் கொழுகொழுவென்று இலையோடு நிற்கும்.

மரத்துக்குச் சாப்பாட்டில் குறை இருக்கவில்லை. பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் தாய்வீட்டுப் பழத்தின் கொட்டையைக் கொண்டுவந்து ஊன்றிய மரம் அது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், ஆலையிலிருந்து வரும் செம்பனைச் சக்கை என்று எதை எப்போது போட வேண்டுமோ அதை அப்போது போடுவார். தூரில் நீர் தேங்காமல் சுற்றி வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார். உள்பக்கம் நெருக்கும் கிளைகளைப் பெரியப்பாவிடம் சொல்லிக் கழித்துவிடுவார். இப்போது நான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை செய்கிறவள். அந்தக் கண்ணோடு யோசித்தாலும் பெரியம்மாவின் பராமரிப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. குறையெல்லாம் பெடாஸிலிருந்து வந்தது.

பெடாஸில் பெரியப்பாவின் அக்கா இருந்தார். எனக்கு அத்தை முறை. பஸ் பிடித்து வருவார். வரும்போது ஒரே கடைத்தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள் கொண்டுவருவார். ஒன்று மரத்தின் தூருக்கு, மற்றது பெரியம்மாவுக்கு. தூருக்கு வந்ததை நான் குழி தோண்டிப் போடுவேன். பெரியம்மாவுக்கு வந்ததைக் கஷாயமாக்கி, அத்தை பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். தொழிற்சாலையில் நின்று நின்று கால்வலி, அதற்குத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

பொட்டலத்தோடு அத்தை நிறுத்தவில்லை. ஒருமுறை தூரைச் சுற்றி உப்புப் போடச் சொன்னார். ஒருமுறை கீழே புகை மூட்டச் சொன்னார். ஒருமுறை மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று பிய்ந்த செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். தேய்ந்த விளக்குமாறு எனக்கு வேண்டியதாயிருந்தது. அப்புறம் அடிமரத்தில் ஆணி அடிக்கச் சொன்னார். அத்தை நின்று பார்க்க, பெரியப்பா ஆணி அடித்தார். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிற மனிதர், ஒவ்வொரு ஆணியையும் வலிக்குமோ என்பது போலத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்தார்கள். தப்பித் தவறி மரம் காய்த்திருந்தால்கூட எதனால் காய்த்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் வேலையில் இப்படிச் செய்கிறவரை இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள்.

எல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது அத்தை தவறாமல் சொல்வது ஒன்று உண்டு.

"காய்க்காத மரத்த வாசல்ல வச்சிக்கிட்டு வீடு எப்படிடா வெளங்கும்? வெட்டிப் போட்டுட்டு வேற கன்னு வச்சிக்க தம்பி. உனக்கென்ன வயசா ஆயிருச்சு?"

கன்று வைப்பதற்கும் பெரியப்பாவின் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பெரியப்பா லாரிக்குக் காற்று இருக்கிறதா பார்க்கப் போய்விடுவார். பெரியம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். அத்தைக்குப் பக்கத்தில் மிஞ்சுவது நான்தான். "உனக்காச்சும் வெளங்குதா குட்டி?" என்பார். வெளங்கவில்லை என்று உண்மையைச் சொல்வேன். அதற்கும் ஒரு குட்டு கிடைக்கும்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது பெரியப்பா ஒரு பழைய கார் வாங்கினார். காருக்குக் கொட்டகை வேண்டும். வாசலில் ஒருபக்கம் சாக்கடை, மறுபக்கம் மரம். அத்தைக்கு இது போதுமானதாக இருந்தது. அந்தப் பூப்பு முடிவதற்குள் ஒரு பிஞ்சாவது பிடிக்கவேண்டும், இல்லையென்றால் வெட்டிவிட வேண்டும் என்று பெடாஸிலிருந்தே தொலைபேசியில் தீர்ப்பாகிவிட்டது. பெரியப்பா "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"மரத்துல மட்டும் கைய வைக்காதீங்க" என்றார் பெரியம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவுச் சோற்றில் அவர் கை அளைந்துகொண்டே இருந்தது. மரம் போய்விடுமோ என்பதற்கா இத்தனை கவலை என்று நான்தான் சலித்துக்கொண்டேன். போனால் எனக்குக் கூட்டுகிற வேலை மிச்சம்.

அந்த வாரம் பாசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்குப் போகும்போது பெரியம்மா ஒரு பூங்கொத்தை ஒடித்து நெகிழிப் பையில் போட்டுக்கொண்டார். சந்தைக் கோடியில் பழக்கன்றுகள் விற்கிற மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் அதை நீட்டினார். அவர் ஒரு பூவைக் கிள்ளி, நகத்தால் பிரித்து, விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"ஜந்தான் லா, காக்" என்று பெரியம்மாவை அக்கா முறை வைத்துச் சொன்னார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: ஆண் மரம். பூக்கும், அவ்வளவுதான். பழம் வராது.

"அப்ப என்ன செய்றது?" என்று பெரியம்மா மலாயில் கேட்டார்.

"கெனா காவின்."

காவின் என்றால் கல்யாணம். அது எனக்கே தெரியும். மரத்துக்குக் கல்யாணம் பண்ண வேண்டும் என்கிறார். பெரியம்மா சந்தேகத்தோடு, "காவின் யார்கூட?" என்று கேட்டார்.

அவர் சிரித்தார். "பெத்தினாகூடத்தான், காக்! வேற யார்கூட?" பெத்தினா என்றால் பெண். கேள்விக்கு முழுமையான, சரியான பதில். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் தார்ப்பாயை இழுக்க ஓடினார், நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம்.

மலாய்க்காரர்கள் ஒட்டுக் கட்டுவதைத்தான் காவின் என்கிறார்கள். பெண் மரத்துக் கிளையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து, ஆண் மரத்துப் பட்டையைக் கீறி, உள்ளே வைத்துக் கட்டிவிட வேண்டும். அந்தக் கிளை வளர்ந்து காய்க்கும். கொட்டையிலிருந்து முளைக்கும் ரம்புத்தானில் ஆண் மரங்கள் நிறைய வரும் என்பதால் அவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மழை ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

காவின் என்ற செய்தி பெடாஸுக்குப் போனதும் அத்தை குதூகலமாகிவிட்டார். "அரசுக்கும் வேம்புக்கும் பண்ணலயா? அப்பவே எனக்குத் தோணுச்சுலா" என்றார். அப்போது தோன்றியது ஆணிதான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அடுத்த ஞாயிறு காலையில், பழைய சாயத் தகர டப்பாவில் நட்ட வேப்பங்கன்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சள் கயிறு, பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய், எல்லாம் ஒரு பையில். பக்கத்து வீட்டு அக்கா கைபேசியில் படமெடுக்க வந்து நின்றார். இன்னும் இரண்டு வீட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். பெரியம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவைக் குளிக்கச் சொல்லி, வேட்டி கட்டச் சொல்லி, கையில் மஞ்சள் கயிற்றைக் கொடுத்தார்கள். அவர் அதை ஒரு பாம்புக்குட்டியைப் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை ரம்புத்தானின் அடிமரத்துக்கு மஞ்சள் பூசினார். பொட்டு வைத்தார். பூவைச் சுற்றினார். பிறகு, "ம், கட்டுடா தம்பி" என்று அந்த மரத்தையே காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அது மாப்பிள்ள."

"எதுடி?"

"ரம்புத்தான். சந்தையில அந்த ஆளு ஜந்தான்னு சொன்னாரு. தாலிய வேப்பங்கன்னுக்குத்தான் கட்டணும்."

"போடி இவளே. கல்யாணம் எதுக்குப் பண்றோம்? காய்க்கறதுக்கு. காய்க்க வேண்டியது எதுவோ அதுதான் பொண்ணு."

"இல்ல அத்தை, அது ஆண் மரம். பூவப் பாத்துத்தான் சொன்னாரு."

"காய்க்கலன்னா அது பொம்பளதான்லா!" என்றார் அத்தை. "ஆம்பளையில ஏதுடி கொற?"

வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளியில் சரியான விடை எழுதித் தவறு போடப்பட்டால் ஆசிரியர் மேசைக்கே போய் நிற்கிற ரகம். தெரிந்ததை வரிசைப்படுத்திச் சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும் என்று அப்போது நம்பினேன். குரலை உயர்த்திக்கொண்டேன்.

"அத்தை, கேளுங்க. ஆண் மரம் பூக்கும், காய்க்காது. மருந்து குடுத்தாலும் காய்க்காது. திட்டுனாலும் காய்க்காது. பக்கத்துல வேற யாரக் கொண்டாந்து நிறுத்தி வச்சாலும் காய்க்காது. கொற ஆம்பளகிட்டதான் இருக்கு. அது தெரியாம நீங்க சும்மா எல்லாத்தையும் பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டு அக்கா கைபேசியைக் கீழே இறக்கினார். நான் சொன்னது எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தார். "நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"நான் ஒண்ணுமே சொல்லல, அண்ணி."

"சின்னப்புள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என் தம்பிய நாலு பேரு முன்னாடி..."

"அத்தை, அந்தக் கன்னு விக்கிறவருதான்..." என்று நான் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

"அவளக் கேக்காத, அக்கா" என்றார் பெரியப்பா.

அவர் அக்காவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மஞ்சள் கயிற்றை மெதுவாகச் சுருட்டித் தட்டில் வைத்தார். மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புள்ள சொன்னது சரிதான். சிரம்பான்ல டாக்டரும் அதான் சொன்னாரு."

"எந்த டாக்டருடா? எப்ப?"

"அதாச்சு ரொம்ப வருஷம். ரெண்டு பேருந்தான் போனோம். இவகிட்ட ஒரு கொறயும் இல்லேன்னுட்டாரு. யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு இவதான் சொன்னா."

வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாக நினைவு வந்து கிளம்பினார்கள். அத்தை படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் பொட்டலப் பையின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம், கேட்கலாமா என்று தெரியாத குரலில் கேட்டார்.

"அப்ப, நான் கொண்டாந்த கஷாயமெல்லாம்?"

"குடிச்சா" என்றார் பெரியப்பா.

தேனீக்கள் மட்டும் இரைந்தன. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பேச்சு நின்றிருந்ததால் கேட்பதற்கு அதுவே நல்ல நேரம் என்று பட்டது.

"பெரியப்பா, டாக்டர் எப்ப வந்து மரத்தப் பாத்தாரு?"

பெரியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, மஞ்சள் அப்பிய கையாலேயே என் வாயைப் பொத்தி, என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். என் கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சலாகவும் இருந்தது. சட்டையெல்லாம் மஞ்சள் வேறு.

அத்தை அன்று சோறு தின்னாமலே கிளம்பினார். பெரியப்பா காரில் கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் விட்டார். அத்தை வேப்பங்கன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார். பெரியம்மா அதை வீட்டுக்குப் பின்னால் நட்டார். பெரியப்பா மாலையில் குறடு எடுத்துவந்து அடிமரத்தின் ஆணிகளைப் பிடுங்கினார். கன்று இருந்த தகர டப்பாவை நான் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாக அதில் போட்டார். கொட்டகை கட்டுகிற பேச்சு அதோடு போயிற்று. காரை மரத்துக்கு அடியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த விடுமுறைக்குப் போனபோது தரையோடு சேர்த்துக் காரின் கூரையையும் கூட்ட வேண்டியதாயிருந்தது. இதில் யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்டதற்குப் பெரியம்மா, "நெழலு இருக்குலா பாப்பா" என்றார்.

மரத்துக்குக் கல்யாணம் வைத்த அந்த விடுமுறை முடிந்து அம்பாங்கானுக்குத் திரும்பிய அன்றே நடந்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கு ஒரே அக்கா; லாபுச் செய்தி என்றால் ஒன்று விடாமல் கேட்பார். சந்தை, ஜந்தான், வேப்பங்கன்று, தாலி, டாக்டர் என்று எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் என்றதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. எனக்கு ஆறாத விஷயம் கடைசியில்தான் இருந்தது. டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது, பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் முன்பே வாய் திறந்து சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

"தெரிஞ்சிருந்தும் இத்தன வருஷம் அத்தையத் திட்ட விட்டுட்டு சும்மா இருந்திருக்காங்கம்மா. பாவமில்ல?"

அம்மா மடித்த துணியை மறுபடியும் பிரித்தார்.

"யாருடி?"

யாரென்று கேட்கிறார்! இவ்வளவு நேரம் நான் மரத்தைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன். அம்மா ஆரம்பத்திலிருந்தே கவனிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு, அவர் முன்னால் நன்றாக நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.